ஏட்டில் இருக்கும் சட்டம் வீட்டுக்கு வரவேண்டும்

(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டி ஆரம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைப் பாடசாலையாகத் தொடங்கிய நம் கழகம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. அந்தத் திண்ணையில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியர்களாகவும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பொறியாளர்களாகவும் இருக்கக் காண்கிறேன். மனம் நிறைகிறது. ஆயினும் விழா நாளில் பெருமையை மட்டும் பேசிக் கலைந்துவிடுவது நமக்குப் பழக்கமில்லை. செய்யத் தவறியதையும் சொல்லிக்கொள்வதுதான் நம் கழகத்தின் வழக்கம். அந்த உரிமையை எடுத்துக்கொண்டே பேச வந்திருக்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட பொருள், பூர்வகுடி மக்களின் மனித உரிமைக்குச் சட்ட நூல்கள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதாகும். பொருளைக் கேட்டதும் சிலர், "சட்டப் புத்தகம் வக்கீல்மார்களுக்கு உரியது, அதனால் நமக்கு என்ன?" என்று எண்ணியிருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்திற்கு என் குடும்பம் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையாரின் கேள்வி

என் பாட்டனாருக்கு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. ஆதிதிராவிடர்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலம் அது. ஊரில் அதனை டி.சி. நிலம் என்பார்கள். 1962இல் என் அக்காள் திருமணத்திற்காக என் தந்தையார் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர் வேற்றுச் சாதியார். இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. ஒரு நாள் ஏதோ ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். நிலம் போயிற்று. எங்கள் நிலத்திலேயே என் தாயார் கூலிக்கு நாற்று நட்டதை நான் கண்ணாரக் கண்டவன்.

பின்னர் நான் சென்னையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நகலெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். 1979ஆம் ஆண்டு என்று நினைவு. அலமாரியில் தூசி தட்டும்போது வருவாய் வாரிய நிலையாணைகள் என்னும் பழைய தொகுதி கையில் அகப்பட்டது. நில ஒப்படையைப் பற்றிய 15ஆம் நிலையாணையைப் புரட்டிப் பார்த்தேன். தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படை செய்யப்படும் நிலத்தைக் குறிப்பிட்ட காலத்திற்கு விற்கலாகாது என்றும், அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதாருக்குக் கைமாற்றலாகாது என்றும், மீறினால் அரசு அந்நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. எங்கள் நிலத்தை எங்களிடமிருந்து வாங்கியது செல்லாது என்பதை எங்களைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஊருக்குக் கொண்டுபோய் என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு அப்போது கண் பார்வை மங்கிவிட்டது. இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் கைநாட்டு வைத்த அன்றைக்கே இது எழுதியிருந்ததா தம்பி?" என்றார். ஆம் என்றேன். அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. மனுப் போட்டோம். பதிவேட்டில் பழைய நிபந்தனைக் குறிப்பு காணப்படவில்லை என்று ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நிலம் திரும்பவில்லை. அந்தப் புத்தகத்தின் விலை என் தந்தையார் பட்ட கடனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் எங்கள் நிலம் எங்களிடமே இருந்திருக்கும்.

சட்ட நூல் என்பது நமக்கு என்ன என்ற கேள்விக்கு என் விடை இதுதான்.

செங்கற்பட்டிலிருந்து எழுந்த ஓர் அறிக்கை

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? வேறெங்கிருந்தும் அன்று, நம் மண்ணிலிருந்தே வந்தது. இன்று நாம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறோம். அன்று பொன்னேரி வட்டமும் திருவள்ளூர் வட்டமும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் நம் முன்னோர் வாழ்ந்ததையும், தரிசு நிலத்தை அவர்கள் கேட்டால் மிராசுதாரர்கள் தடுத்ததையும், கடன் பத்திரத்தின் பேரால் ஆட்களைக் கட்டிவைத்ததையும் அவர் எழுதினார். அவ்வறிக்கையின் பயனாக 1892 செப்டம்பரில் 1010 என்னும் எண்ணிட்ட வருவாய்த்துறை ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் உடைமைக்கு அதுவே தொடக்கம். சென்னை மாகாணத்தில் அவ்வகையில் வழங்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஆணை அச்சேறியது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சேறியது. கோட்டையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் அடுக்கி வைக்கப்பட்டது. நிலத்தைப் பெற்றவன் கையில் பட்டா ஒன்று இருந்தது. அதன் பொருள் அவன் கையில் இல்லை. ஒரு நூற்றாண்டு கழிந்து, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழ்நாட்டு மக்கள் பலருடைய காதுக்கு எட்டியது அதன் பிறகுதான். 1892இல் அச்சான ஓர் ஆணையின் பொருளை ஊரறியச் செய்ய இரண்டு உயிர்கள் வேண்டியிருந்தன.

நம் முன்னோர் இதனை உணராதவர் அல்லர். பண்டிதர் அயோத்திதாசர் நம் மக்களைப் பூர்வத் தமிழர் என்றே அழைத்தார். 1907இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கினார். ஒரு பைசா விலை வைத்ததிலேயே அவ்விதழ் யாருக்காக என்பது விளங்கும். அதற்கு முன்பே, 1893இல், இதே செங்கற்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் நடத்தினார். அரசுக்கு நம் குறையைச் சொல்லவும், அரசின் ஆணையை நம்மவர்க்குச் சொல்லவும் அச்சுக்கூடம் வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள்.

சட்டமன்றத்திற்குச் சென்ற பின்னரும் சீனிவாசன் இந்தக் கருத்தை விடவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிச் செல்லலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசு அதனை ஆணையாக்கி அரசிதழிலும் வெளியிட்டது. பம்பாய் மாகாணத்திலும் 1923இல் போலே என்பவர் கொண்டுவந்த இத்தகைய தீர்மானம் நிறைவேறியது. ஆனால் மகாட் நகரத்துக் குளத்தில் நம் மக்கள் கைவைக்க முடிந்ததா? 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் சென்று அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் அச்சில் இருந்த உரிமை நிலத்தில் இறங்கியது. அடுத்த மாதமே அவர் 'பகிஷ்கிருத பாரத்' இதழைத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். பிறகு குளத்தைப் பற்றிய உரிமையியல் வழக்கு 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. போராட்டம் ஒரு கையிலும் இதழ் மறு கையிலும் இருந்தன. வழக்கு அவற்றின் பின்னே வந்தது.

பிற நாட்டுப் பூர்வகுடிகள்

இனி உலகத்தைச் சற்றே நோக்குவோம். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கும் ஆங்கில அரசுக்கும் 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கி என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையொப்பமிட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரி மொழிப் பிரதியில். ஆங்கிலப் பிரதியில் நாட்டின் முழு இறைமையையும் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தது. மாவோரிப் பிரதியிலோ ஆட்சி நடத்தும் பொறுப்பைக் கொடுத்ததாகவும், தங்கள் நிலத்தின்மீதும் ஊரின்மீதும் தலைமை உரிமையைத் தாங்களே வைத்துக்கொண்டதாகவும் இருந்தது. ஒரே உடன்படிக்கை, இரண்டு மொழி, இரண்டு பொருள்! நெடுங்காலம் ஆங்கிலப் பிரதியே சட்டம் என்று நடந்தது. 1975இல் அமைந்த வைத்தாங்கித் தீர்ப்பாயம்தான் இரண்டு பிரதிகளையும் ஒருங்கே வைத்துப் பொருள்காணும் கடமையை ஏற்றது. தம் மொழியில் அச்சான அந்தப் பிரதி இல்லாதிருந்தால் மாவோரி மக்கள் எதைக் காட்டி வழக்காடியிருப்பார்கள்?

அமெரிக்க நாட்டில் செவ்விந்தியர் என்று சொல்லப்படும் பூர்வகுடி மக்களைப் பற்றிய ஒப்பந்தங்களும் சட்டங்களும் தீர்ப்புகளும் சிதறிக் கிடந்தன. பீலிக்ஸ் கோகன் என்னும் அரசு வழக்கறிஞர் அவற்றையெல்லாம் தொகுத்து 1941இல் ஒரு கைந்நூலாக வெளிக்கொணர்ந்தார். பழங்குடிகளின் தன்னாட்சி அரசு கொடுத்த கொடை அன்று, அவர்களிடம் முன்பே இருந்தது என்ற கொள்கையை அந்நூல் நிலைநாட்டியது. நீதிபதிகள் அதனை மேற்கோள் காட்டினார்கள். ஆனால் அரசின் கொள்கை மாறியது. பழங்குடி அமைப்புகளைக் கலைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கியபோது, 1958இல் அதே நூலைத் திருத்துகிறோம் என்று சொல்லி, உரிமைக்கு ஆதரவான பகுதிகளை வலுவிழக்கச் செய்து வெளியிட்டார்கள். பிறகு 1968ஆம் ஆண்டுச் சட்டமே அந்நூலைச் செப்பனிடுமாறு பணித்தது. அறிஞர்கள் கூடி 1982இல் கோகனின் கருத்தை மீட்டு நூலைப் புதுப்பித்தார்கள்.

இளைஞர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நிலத்தைப் பறிப்பது போலவே நூலையும் பறிப்பார்கள். புத்தகத்தில் எதை அச்சிடுவது, எதை விடுவது என்பதும் அதிகாரமே. எங்கள் வீட்டு நிலத்தின் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டுப் போனதை நான் சொன்னேன். வாசிங்டன் நகரில் நடந்ததும் அதுவே, அளவுதான் வேறு.

ஆஸ்திரேலியாவில் மர்ரே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவர் தோழர்களும் 1982இல் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையர் வந்தபோது அந்நிலம் யாருக்கும் உரிமையில்லாத நிலமாக இருந்தது என்னும் கற்பனையை அது தள்ளிவிட்டது. மாபோ அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை; சில மாதங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார். "இது தரிசு, இது புறம்போக்கு, இங்கே யாருமில்லை" என்ற சொற்களைக் கேட்டுப் பழகிய நமக்கு அவ்வழக்கின் பொருள் எளிதில் விளங்கும்.

2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 46 உறுப்புகளோடு ஏற்றது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. எனினும் இந்நாட்டு மக்கள் எல்லாரும் பூர்வகுடிகளே என்பது அரசின் நிலைப்பாடு. அந்த வாதம் இருக்கட்டும். சட்ட நடவடிக்கைகளில் அம்மக்கள் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், தாம் சொல்வதைப் பிறர் புரிந்துகொள்ளவும் அரசு வழிசெய்ய வேண்டும் என்று அதன் 13ஆம் உறுப்பு கூறுகிறது. இதற்கும் மூத்தது ஒன்று உண்டு. பன்னாட்டுத் தொழிலமைப்பின் 107ஆம் உடன்படிக்கை 1957இல் எழுந்தது. 1958இல் இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது. பழங்குடி மக்களுக்கு அவர்களுடைய உரிமைகளையும் கடமைகளையும், சிறப்பாகத் தொழில் பற்றியவற்றை, அறிவிக்கும் பொறுப்பு அரசினுடையது என்றும், தேவையானால் அவர்கள் மொழியில் எழுதியே அறிவிக்க வேண்டும் என்றும் அதன் 26ஆம் உறுப்பு பேசுகிறது. ஆகவே சட்டத்தை மக்கள் மொழியில் அச்சிட்டுக் கொடுங்கள் என்று நாம் கேட்பது யாசகம் அன்று. நாடு கையொப்பமிட்ட கடமையை நினைவூட்டுவதே ஆகும்.

நம் ஊர்க் கோடியில் இருப்பவர்கள்

இதுவரை நான் நம்மைப் பற்றியே பேசினேன். இனிப் பேசப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

நம் தெருவைத் தாண்டி, ஏரிக்கரை ஓரத்திலும் வாய்க்கால் மேட்டிலும் இருளர் குடிசைகள் இருக்கின்றன. பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் அவர்கள். எல்லையைக் கடந்து தடாப் பக்கம் போனால் யானாதி மக்களைக் காணலாம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு இனங்களில் இருளரும் ஒன்று. பூர்வகுடி என்ற சொல்லுக்கு நம் கண்முன்னே இருக்கும் உருவம் அவர்களே.

சட்டம் தெரியாமையால் ஒரு மக்கள் எவ்வாறு ஒரே இரவில் குற்றவாளிகளாகிறார்கள் என்பதற்கும் அவர்களே சான்று. பாம்பு பிடித்துத் தோலை விற்று வாழ்ந்தவர்கள் இருளர். 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டது. நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றம்! அவர்களிடம் போய் யாரும் சட்டத்தைப் படித்துக் காட்டவில்லை. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, நச்சு முறிவு மருந்துக்காகப் பாம்பின் நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் முறை வந்த பிறகே சிலருக்கேனும் சட்டத்திற்கு உட்பட்ட வாழ்வு கிடைத்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அறிவு அவர்களிடம் எப்போதும் இருந்தது. இடம்தான் இல்லாதிருந்தது.

நம் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும் நெல் அரவை ஆலைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுப்பட்டுக் குடும்பம் குடும்பமாக வேலை செய்த இருளர்கள் பலமுறை மீட்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான சட்டம் 1976ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் என்பது அதன் பெயர். 1975 அக்டோபர் 25ஆம் நாளிலிருந்தே அது செயலுக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதிலே என்ன இருக்கிறது என்பதை இளைஞர்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். ஆதலின் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடன் அழிந்துபோகிறது. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. 8ஆம் பிரிவின்படி, விடுதலை பெற்றவரை அவர் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்றலாகாது. 9ஆம் பிரிவின்படி, அழிந்துபோன கடனுக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் வாங்கியவருக்குத் தண்டனை உண்டு. 15ஆம் பிரிவு மிகவும் முதன்மையானது. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது, தொழிலாளியுடையது அன்று. 16ஆம் பிரிவின்படி கொத்தடிமையாக வேலை வாங்குவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

13ஆம் பிரிவை நம் கழகம் தனியே எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும், அதில் அப்பகுதியில் வாழும் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் மூவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்த மூவர் நாற்காலியில் நம் பிள்ளைகள் ஏன் அமரக்கூடாது? இருளர் வீட்டுப் பிள்ளைகள் ஏன் அமரக்கூடாது?

இச்சட்டம் நூலில் இருந்தும் பயன்படாதபோது உச்சநீதிமன்றம் அதற்கு உயிரூட்டியது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடப் பணியாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று கூறியது. பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்க்காகப் பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய ஒரு கடிதத்தையே வழக்காக ஏற்று, 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், அது முன்பணத்திற்கான கொத்தடிமை உழைப்பே என்று அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். ஒரு கடிதம் அத்தனை வேலை செய்தது. கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் கழகத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

மறுவாழ்வுத் திட்டமும் உண்டு. 2016இல் திருத்தியமைத்த திட்டப்படி ஆடவருக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் சிறுவர்க்கும் 2 லட்சமும், மிகக் கொடிய நிலையில் இருந்தோர்க்கு 3 லட்சமும் உதவித்தொகை. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்கப் பின்னர் வழிசெய்யப்பட்டது. இவற்றைப் பெற விடுதலைச் சான்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் "ஊருக்குப் போ" என்று ஒருவரை அனுப்பிவிட்டால் அவர் விடுதலை பெறவில்லை. துரத்தப்பட்டார் என்றே பொருள். அடுத்த பருவத்தில் அவர் வேறொரு சூளையில் இருப்பார்.

எத்தகைய நூல் வேண்டும்?

இப்போது கேட்கலாம்: சட்டப் புத்தகங்கள் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றனவே, இன்னும் எதற்கு நூல் என்று. 'மெட்ராஸ் லா ஜர்னல்' 1891ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. டிரெமன்ஹீர் அறிக்கை எழுதிய அதே ஆண்டு! வழக்கறிஞர்க்குத் தீர்ப்பு நூல் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடைக்கிறது. வழக்குக்கு உரியவனுக்குத்தான் கிடைக்கவில்லை.

தமிழில் நன்முயற்சிகள் இல்லாமல் இல்லை. முன்னாள் நீதிபதி சந்துரு தம் தீர்ப்புகளைப் பற்றி 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' என்று தமிழிலேயே நூல் எழுதினார். உச்சநீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றை மாநில மொழிகளில் வெளியிடுகிறது. அவற்றுள் தமிழும் சேர்க்கப்பட்டது. இவை வரவேற்கத் தக்கவை. ஆயினும் சூளையில் இருக்கும் தாய்க்கு நூறு பக்கத் தீர்ப்பு எதற்கு? அவளுக்கு வேண்டியது நான்கு பக்கம்.

அந்த நான்கு பக்கம் எப்படி இருக்க வேண்டும்? முதலாவதாக, உரக்கப் படித்தால் புரியவேண்டும். எழுத்தறியாதவர்க்கு நூல் என்பது இன்னொருவருடைய குரல்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவே இதை ஒப்புக்கொள்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய அலுவலர், கையொப்பம் வாங்குமுன் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய கடமை. படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குவது தவறு என்று சட்டமே சொல்கிறது. என் தந்தையாருக்கு அது வாய்க்கவில்லை.

இரண்டாவதாக, எல்லையோர ஊராகிய நமக்கு ஒரு மொழி போதாது. தமிழோடு தெலுங்கும் வேண்டும். சூளைக்கு ஒடிசாவிலிருந்தும் மக்கள் வருகிறார்கள், அவர்களையும் மறக்கலாகாது.

மூன்றாவதாக, உரிமை இன்னது என்று சொல்வதோடு நில்லாமல், யாரிடம் போவது, எதைக் கேட்டு வாங்குவது என்று சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பழங்குடியினர் சான்றிதழை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. நிலப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் விடை வரவேண்டும். பஞ்சமி நிலம் என்று ஐயமிருந்தால் இன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்து நிற்காமல் பழைய பதிவேட்டையும் கேளுங்கள். விடுபட்ட வரி பழைய ஏட்டில் இருக்கலாம்.

நான்காவதாக, நூல் காலத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டம் 1989இல் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது பெரிதும் வலுப்பெற்றது. தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 2024 ஜூலை 1 அன்று மாறிவிட்டன. பிரிவு எண்கள் எல்லாம் வேறாகிவிட்டன. பழைய எண்ணைச் சொல்லி மனு எழுதினால், "முதலில் சட்டத்தைப் படித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்ப ஒருவர் காத்திருப்பார். காலாவதியான மருந்தைப் போலவே காலாவதியான சட்ட நூலும் தீங்கு செய்யும்.

என் வேண்டுகோள்

வெள்ளிவிழா நிதியில் மீந்த தொகையைக் கொண்டு நுழைவாயிலில் வளைவு ஒன்று கட்டலாம் என்று சிலர் சொன்னதாக அறிந்தேன். அவர்கள் ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நம் பெயரைக் கல்லில் காண வேண்டும் என்ற ஆசை, பெயரே மறுக்கப்பட்ட மக்களுக்கு இயற்கையானது. ஆனால் வளைவின் கீழே நடந்துபோகிறவர் கையில் என்ன இருக்கும் என்பதே என் கேள்வி.

அத்தொகையில் பாதியையேனும் ஒரு சட்டப் படிப்பறைக்கு ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நூல்கள் ஓர் அலமாரி. மாதம் ஒரு துண்டு நூல், நான்கு பக்கம். ஞாயிறு மாலையில் இரண்டு பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு குடிசைகளுக்குப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். முதலில் போக வேண்டிய இடம் நம் தெரு அன்று, இருளர் குடியிருப்பு.

இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. இந்த 25 ஆண்டுகளில் நம் மாலைப் பாடசாலையில் படித்த இருளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணி முடித்துவிடலாம். அவர்கள் வந்தபோதும் கடைசிப் பாயில் உட்கார்ந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை என்று நாம் சொல்வோம். நம்மையும் அக்காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லி வெளியே நிறுத்தவில்லை; நின்றோம். எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊரின் பார்வையே சொல்லிவிட்டது. பிறர் பார்வையில் பட்ட துன்பத்தை நம் பார்வையால் மற்றவர்க்குக் கொடுக்கலாமா? ஆதி என்ற சொல்லை நம் பெயரின் முன்னே பெருமையோடு வைத்துக்கொண்டோம்; 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் போராடிப் பெற்றுத்தந்த பெயர் அது. நமக்கும் முன்னே இந்த மண்ணின் காட்டையும் ஏரியையும் அறிந்தவர்களை ஊர்க் கோடியில் விட்டுவிட்டு அந்தப் பெயரைச் சுமப்பது பொருந்துமா?

இளைஞர்களே, தங்கையரே, உங்களில் சட்டக் கல்லூரியில் படிப்பவர்கள் இருவர் இருப்பதாகத் தலைவர் சொன்னார். மகிழ்ச்சி. ஆனால் வழக்கறிஞராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இப்பணியைச் செய்யலாம். என் தந்தையார் கைநாட்டு வைத்த அன்று அவர் அருகில் ஒரு வழக்கறிஞர் இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணியதே இல்லை. நான்காம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளையும், தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் இருந்திருந்தால் போதும். அந்தப் பிள்ளை இன்று இந்த மன்றத்தில் நூறாக அமர்ந்திருக்கிறது. அந்தத் தாள்தான் இன்னும் அச்சாகவில்லை.

அதை அச்சிடுங்கள். அச்சிட்டு வைத்துவிடாமல் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். இன்னொரு முதியவர் தம் மகனைப் பார்த்து, "அன்றைக்கே இது எழுதியிருந்ததா?" என்று கேட்கும் நிலை இந்த ஆரம்பாக்கத்தில் இனி வரலாகாது. பொன்விழாக் காணும்போது இந்த மேடையில் நான் இருக்கமாட்டேன். ஓர் இருளர் வீட்டுப் பெண் நின்று பேசவேண்டும் என்பது என் ஆசை.

 ஜெய்பீம்.